இருபத்தொரு நாள் வேர்த் தவம்

பூமியின் தென்பாதியில் ஜூலைதான் நடுக்குளிர்காலம்; அந்த மாதத்துக் காலையில் பல்லாரட் ஊரே போர்வைக்குள் கிடக்கும். புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்திருக்கும். கார் கண்ணாடியைச் சுரண்டச் சோம்பல்பட்டு வேலைக்கே போகாதவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பழைய தேவாலயக் கூடத்தின் வாசலில் எழுபது பேர் வரிசை கட்டி நின்றார்கள். ஆளுக்கொரு தொட்டிச் செடி கையில். ஒரு அம்மாள் தன் கழுத்துத் துண்டைக் கழற்றி ரப்பர் செடிக்குச் சுற்றிவிட்டு, தான் இருமிக்கொண்டு நின்றார். ஒருவர் காரில் குழந்தைக்குக் கட்டும் இருக்கையில் செடியைக் கட்டிக் கூட்டிவந்திருந்தார்.

எல்லாம் ஓரியன் என்கிற மகானைப் பார்க்கத்தான்.

ஓரியனுக்கு வேர்மொழி தெரியும். தொட்டியைத் தூக்கிக் காதோடு சேர்த்துக் கண்ணை மூடினால் செடி அவரிடம் மனம்விட்டுப் பேசும். உச்சிக் கொண்டை, கசங்கிய வெள்ளைச் சட்டை, வெறுங்கால். பல்லாரட் குளிரில் வெறுங்காலோடு நடக்கிறவன் ஒன்று ஞானியாக இருக்கவேண்டும், இல்லையென்றால் பத்தடி தூரத்தில் ஹீட்டர் ஓடுகிற காரை நிறுத்தியிருக்கவேண்டும். ஊர் முதலாவதை நம்பியது. இரண்டாவதை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

இந்த ஊர் செடி கொடி தெரியாத ஊருமல்ல. பெகோனியாப் பூவுக்கென்று வருஷாவருஷம் திருவிழா நடத்துகிற ஊர். படித்தவர்கள், பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஏமாறுவதற்குப் படிப்பு ஒரு தடையே இல்லை என்பதற்கு வாசலிலேயே சாட்சி நின்றது. டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாரே, அவர்தான்.

"நாப்பத்து மூணு... நாப்பத்து நாலு... தள்ளாதீங்கம்மா, செடிக்கு மூச்சு முட்டும்!"

அவர் பெயர் லிண்ட்சே பாஸ்கோ. முப்பத்தொரு வருஷம் அரசாங்கத்தில் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். கறிக்கடைத் தராசு, பெட்ரோல் பம்பு, பழக்கடை எடைமேடை என்று எதையும் விட்டதில்லை. பெட்டியைத் திறந்து பித்தளை எடைக்கல்லை எடுத்து வைத்துப் பார்க்காமல் ஒரு தராசையும் நம்பியதில்லை. ஐந்து கிராம் வித்தியாசத்துக்குச் சொந்த மச்சான் கடைக்கே அபராதம் போட்டவர். அப்பேர்ப்பட்ட மனிதர் நெஞ்சில் 'தொண்டர்' என்று பட்டை குத்திக்கொண்டு டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தார். இப்போது இந்தக் கதையை அவரே நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்கிறார். "சர்க்கார் எனக்குக் கொடுத்த பென்ஷனைத் திருப்பிக் கேக்காம இருக்கே, அதுவே பெரிசு" என்கிறார்.

அவர் எப்படி இங்கே வந்து சேர்ந்தார் என்றால், அதற்கு ஒரு பீஸ் லில்லி காரணம்.

அது அவர் மனைவி நோரீனின் செடி. நூலக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் கூட வேலை செய்தவர்கள் கொடுத்தது. பத்தொன்பது வருஷமாக வரவேற்பறை ஜன்னலோரம் ஒரு நீலப் பானையில் இருந்தது. போன பிப்ரவரியில் நோரீன் காலமானார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பாஸ்கோவைத் தவிர உயிருள்ளது என்று சொல்ல அந்தச் செடி ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ராத்திரி கால்பந்து ஸ்கோரை அதனிடம் சொல்வார். முழங்கால் வலியைச் சொல்வார். பிள்ளைகள் போன் செய்யாததைச் சொல்வார்.

அந்தச் செடியை அவர் ஒருநாள்கூடத் தண்ணீரின்றி விட்டதில்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது. முன்பு ஒரு நீண்ட வறட்சி வந்ததே, அதிலிருந்து இந்த ஊரில் பாதி வீடுகளில் குளியலறைக்குள் ஒரு வாளி உட்கார்ந்திருக்கும். வெந்நீர் வருகிறவரை கொட்டுகிற பச்சைத் தண்ணீரை அதில் பிடித்துக்கொள்வார்கள். வறட்சி போய் வருஷக்கணக்காகி, ஏரி நிரம்பி வழிந்தாலும் வாளி போகவில்லை. அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுவது பாவம். வெயில் காலத்தில் தோட்டத்துக்குப் போகும். குளிர்காலத்தில் தோட்டம் ஏற்கெனவே சொதசொதவென்று கிடக்கும்போது அது எங்கே போகும்? ஜன்னலோரச் செடிக்குத்தான் போகும். பாஸ்கோ தினமும் குளித்தார். செடியும் தினமும் குளித்தது.

மே மாதத்தில் இலை மஞ்சளானது. தண்டு சரிந்தது. மண்ணிலிருந்து பொடி ஈக்கள் கிளம்பின. பாஸ்கோ பதறிப்போய் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். நோரீன் போனதற்குத் தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நோரீனின் செடியும் தன் கையாலேயே போகிறதே என்று அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. அப்போதுதான் மருந்துக்கடையில் யாரோ ஓரியன் பெயரைச் சொன்னார்கள்.

ஓரியன் நீலப் பானையை இரண்டு கையாலும் தூக்கி, அண்ணாந்து பார்த்து, பிறகு காதில் வைத்துக்கொண்டார். ஒரு நிமிஷம் மூச்சுவிடவில்லை.

"இதுக்கு வியாதி இல்ல நண்பரே. துக்கம்."

"துக்கமா?"

"ஒரு பொம்பளையோட கை இதை வளத்திருக்கு. அந்தக் கை இப்ப இல்ல. பேரு... இருங்க, மெதுவாத்தான் சொல்லுது... 'நோ'ன்னு ஆரம்பிக்குது."

பாஸ்கோ பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"இதுக்கு இருபத்தொரு நாள் வேர்த் தவம் வேணும். என்னோட மௌன அறையில இருக்கட்டும். மருந்து மாயம் எதுவும் கிடையாது. நான் பக்கத்துல உக்காந்து அது சொல்றதைக் கேப்பேன். அவ்வளவுதான்."

கேட்பதற்கு நூற்றெண்பது டாலர். கட்டணம் என்று சொல்லக்கூடாது, காணிக்கை. பாஸ்கோ இருநூறாகக் கொடுத்து, மீதி வேண்டாம் என்றார்.

இருபத்திரண்டாம் நாள் அதே நீலப் பானையில் செடி திரும்பி வந்தது. கரும்பச்சை இலை, நிமிர்ந்த தண்டு, நடுவில் வெள்ளைப் பூ வேறு. பாஸ்கோ கூடத்திலேயே விக்கி விக்கி அழுதார். ஓரியன் அவர் தோளைத் தட்டிக்கொடுத்து, கையில் ஒரு சின்னப் புட்டியையும் திணித்தார்.

"வாரத்துக்கு ஒரு புட்டி நிலாத் தண்ணி. அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது. நாப்பது நாளைக்கு மண்ணைத் தொடாதீங்க, தொட்டி மாத்தாதீங்க, கவுத்துப் பாக்காதீங்க. வேருக்கு வெக்கம் ஜாஸ்தி. வெளிச்சம் பட்டா ஆத்மா ஓடிடும்."

எந்தக் கடைக்காரனாவது "அதை மட்டும் தொறக்காதீங்க சார், கெட்டுப்போயிடும்" என்று சொன்னால், பாஸ்கோ அதைத்தான் முதலில் திறப்பார். முப்பத்தொரு வருஷம் அப்படித்தான் சம்பளம் வாங்கினார். அன்றைக்கு மட்டும் பக்தியோடு தலையாட்டிவிட்டு, பானையை மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் வீடு போய்ச் சேர்ந்தார். மறு சனிக்கிழமையே தொண்டர் பட்டையைக் குத்திக்கொண்டார்.

எல்லாச் செடியும் பிழைத்துவிடவில்லை. சில செடிகள் 'விடைபெற்றுக்கொள்ளும்'. அப்போது ஓரியன் சொந்தக்காரர் கையில் ஒரு கூழாங்கல்லைக் கொடுத்து, "அதோட பயணம் முடிஞ்சிடுச்சு" என்பார். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். காணிக்கைக்குப் பயணம் கிடையாது, அது இங்கேயே இருக்கும்.

ஜூலை நடுவில் ஓரியனுக்கு ஒரு யோசனை வந்தது. பாஸ்கோவின் பழைய உத்தியோகத்தைக் கேள்விப்பட்டிருந்தார். மறுவாரமே சுவரொட்டி தயார். நடுவில் பாஸ்கோ படம், கீழே கொட்டை எழுத்தில்: 'எடை அளவு ஆய்வாளர் பாஸ்கோ (ஓய்வு) சோதித்துச் சான்றளித்தது.' பாஸ்கோ அதைப் பார்த்துப் பூரித்துப்போனார். ஓய்வு பெற்ற பிறகு அவர் பெயரை யாரும் அச்சில் போட்டதில்லை. பத்துச் சுவரொட்டியை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடை கடையாகக் கிளம்பினார்.

தெஸ்பினாவின் மீன் கடையில்தான் வம்பு காத்திருந்தது. கிரேக்கத்துக்காரி, அறுபதைத் தாண்டியவர். முன்பக்கம் மீன் வறுவலும் சிப்ஸும், பக்கவாட்டில் எடைக்குப் பச்சை மீன். இருபது வருஷத்துக்கு முன்னால் பாஸ்கோ தொப்பி போட்டுக்கொண்டு சாதாரண ஆள்போல வந்து ஒரு கிலோ மீன் வாங்கி, தராசு பன்னிரண்டு கிராம் கூடக் காட்டுகிறது என்று அபராதம் எழுதிவிட்டுப் போனார். அதிலிருந்து தெஸ்பினாவுக்கு அவர் 'இன்ஸ்பெக்டர்'தான்.

"வாங்க இன்ஸ்பெக்டரே. என்ன, தேர்தல்ல நிக்கிறீங்களா? படமெல்லாம் பலமா இருக்கு."

"சிப்ஸ் குடுங்க. அப்படியே இதை உங்க கண்ணாடியில ஒட்டிக்கிறேன்."

தெஸ்பினா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு சுவரொட்டியை முழுசாக வாசித்தார்.

"சோதிச்சதுன்னு போட்டிருக்கு. என்ன சோதிச்சீங்க?"

"கண்ணால பாத்தேன். என் வீட்டுச் செடியே சாட்சி."

"என் தராசையும்தான் கண்ணால பாத்தீங்க. பளபளன்னு இருந்துச்சு. நம்பர் பளிச்சுன்னு தெரிஞ்சுது. அதோட விட்டுட்டுப் போயிருக்கலாம்ல? எதுக்குப் பெட்டியைத் தொறந்து கல்லை எடுத்து வச்சீங்க?"

"அது வியாபாரம். இது வேற."

"எது வேற? அங்க பன்னெண்டு கிராம். இங்க முழுச் செடி. அடிச்சுச் சொல்றேன், அந்த ஆளு செடியையே மாத்திக் குடுக்கறான்."

"வாய்க்கு வந்தபடி பேசாதீங்க. செடி அவர்கிட்டப் பேசுச்சு. நோரீன் பேரை அவருக்கு யாரு சொன்னது?"

தெஸ்பினா உள்ளே போனார். ஒரு கேக் தட்டோடு வந்து அதைக் கவிழ்த்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். அடியில் ஒட்டியிருந்த பட்டையில் 'நோரீன் பாஸ்கோ' என்று எழுதியிருந்தது. ஊரில் எந்த விசேஷத்துக்கும் ஆளுக்கொரு தட்டில் பலகாரம் செய்து எடுத்துப்போகும் பெண்கள் எல்லோரும் இப்படித்தான் பெயர் ஒட்டுவார்கள். இல்லையென்றால் தட்டு வீடு திரும்பாது.

"உங்க வீட்டுல அவ பேர் எழுதாத சாமான் ஏதாவது உண்டா? அந்த நீலப் பானை அடியில என்ன இருக்கு, சொல்லுங்க. தூக்கி அண்ணாந்து பாத்தானா இல்லையா?"

பானையின் அடியில் வெள்ளைப் பெயிண்டில் நோரீன் பெயர் கோணல்மாணலாக எழுதியிருந்தது பாஸ்கோவுக்கு நன்றாகத் தெரியும். பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றதே அவர்தான்.

"இன்னொண்ணு கேளுங்க. யாரோட செடியெல்லாம் 'பயணம்' போச்சு? கென் வச்சிருந்தாரே, வெள்ளைக் கோடு போட்ட இலை, வெளிநாட்டுலேர்ந்து வந்த அபூர்வச் செடி, அது போயிடுச்சு. ரப்பர் செடி ஒண்ணாவது போச்சா? பீஸ் லில்லி ஒண்ணாவது போச்சா? கடையில கிடைக்கிற செடிக்கெல்லாம் ஆயுசு கெட்டி. கிடைக்காத செடிக்கு மட்டும் மோட்சமா?"

"போதும் தெஸ்பினா."

"நோரீன் எனக்கும் சிநேகிதிதான்யா. அதனாலதான் கேக்கறேன். அவ இருக்கும்போது அந்தச் செடிக்கு எப்பத் தண்ணி விடுவா?"

"பத்து நாளைக்கு ஒருதடவை இருக்கும். எதுக்கு?"

"நீங்க?"

"தினம். வாளித் தண்ணி வீணாகக்கூடாதுல்ல."

தெஸ்பினா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பாஸ்கோவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சிப்ஸை வாங்காமலே வெளியேறினார்.

வீட்டுக்குப் போய் அந்தச் செடியின் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஒருமுறை பானையைக் கவிழ்த்தால் போதும். கை போகவில்லை. நாற்பது நாள் விதி இருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனிதர் பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிற ஆய்வாளர், அன்றைக்குக் கண்ணாடி இருந்த பக்கமே திரும்பவில்லை. தெஸ்பினா சொன்னது சரியென்றால், நோரீனின் செடி ஐந்து வாரத்துக்கு முன்பே குப்பைக்குப் போய்விட்டது. அது மட்டுமா? ஐந்து வாரமாகக் கால்பந்து ஸ்கோரையும் முழங்கால் வலியையும் யாரோ முன்பின் தெரியாத ஒரு செடியிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே தெஸ்பினாவின் கதவைத் தட்டினார். கையில் சுவரொட்டி இல்லை. ஒரு பழைய தோல் பை இருந்தது.

"உங்க ரப்பர் செடி இருக்கே, எண்ணெய்ப் புகையில வாடிக் கிடக்கறது. அதை ஓரியன்கிட்ட விடணும்."

"உங்க வீட்டுச் செடியைக் கவுத்தாலே தெரிஞ்சிடுமே?"

"அதுல நான் அடையாளம் வைக்கல. கவுத்தா எனக்குச் சந்தேகம்தான் மிஞ்சும். ஊருக்கு நிரூபணம் ஆகாது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "பயமாவும் இருக்கு தெஸ்பினா."

பையிலிருந்து முத்திரைக் குறடை எடுத்தார். பெட்ரோல் பம்புகளை யாரும் திருகக்கூடாது என்று கம்பி சுற்றி ஈயத்தை வைத்து நசுக்குகிற குறடு. ஓய்வு பெற்ற அன்றைக்குத் திருப்பித் தந்திருக்கவேண்டியது. மறந்துவிட்டதாக இத்தனை நாள் நடித்துக்கொண்டிருந்தார். ரப்பர் செடியின் மண்ணை நாலு விரல் ஆழம் தோண்டி, அடித்தண்டில் செம்புக் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி, ஈயக் குண்டை வைத்து நசுக்கினார். ஈயத்தில் அவருடைய பழைய எண் விழுந்தது: 1147. கம்பியை வெட்டாமல் அது கழன்று வராது. மண்ணை மூடித் தட்டினார்.

"இருபது வருஷத்துக்கு முன்னாடி என்னை இப்படித்தான் பிடிச்சீங்க" என்றார் தெஸ்பினா. அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

ஆகஸ்ட் மாதம், 'வீடு திரும்பும் விழா'. கூடம் நிறைந்திருந்தது. தேங்காய்ப்பூ தூவிய சாக்லேட் கேக், தேநீர், மெல்லிய புல்லாங்குழல் ஓசை. எட்னா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். அவருடைய மெழுகுப்பூக் கொடிக்கு அவரைவிட வயது அதிகம், அவர் அம்மா வளர்த்தது. ஓரியன் அவர் முன்னால் மண்டியிட்டு, உள்ளங்கையில் கூழாங்கல்லை வைத்தார்.

"அதுக்குப் போகணும்னு தோணிடுச்சு எட்னா. உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னுச்சு."

எட்னா கல்லைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பாஸ்கோவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இந்தக் கிழவிக்குப் போன மாதம் டோக்கன் கிழித்துக் கொடுத்தது அவர்தான்.

அடுத்து ரப்பர் செடி மேடைக்கு வந்தது. தெஸ்பினாவின் அதே மண் தொட்டி. எண்ணெய் தேய்த்துவிட்டதுபோலப் பளபளக்கும் இலைகள். கூட்டம் "ஆஹா" என்றது.

"இப்ப நம்ம ஆய்வாளர் ரெண்டு வார்த்தை சொல்லுவார்" என்றார் ஓரியன்.

பாஸ்கோ மேடையேறினார். பழைய அடையாள அட்டையைச் சட்டையில் மாட்டியிருந்தார்.

"ரெண்டு வார்த்தை இல்ல, ரெண்டு கேள்வி. ஓரியன், இது தெஸ்பினா கொண்டுவந்த அதே செடிதானா?"

"அதே உடம்பு, அதே வேர். மனசு மட்டும் புதுசு."

"மண்ணைத் தோண்டினீங்களா?"

"குழந்தை போத்தியிருக்கிற போர்வையை உருவுவேனா நண்பரே?"

"சரி. தெஸ்பினா, காகிதத்தை விரிங்க."

மீன் பொட்டலம் கட்டுகிற வெள்ளைக் காகிதத்தைத் தெஸ்பினா மேசையில் விரித்தார். பாஸ்கோ தொட்டியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தார்.

"ஐயோ! ஆத்மா ஓடிடும்!" என்று பின்வரிசையில் யாரோ அலறினார்கள்.

ஓடியது சுற்றிலும் இட்டு நிரப்பியிருந்த புது மண்தான். பொலபொலவென்று காகிதத்தில் கொட்டியது. நடுவில் வேர்க்கட்டி தனியாக நின்றது. நர்சரிக்காரர்கள் விற்கிற சின்ன பிளாஸ்டிக் தொட்டியின் வடிவம் அப்படியே அதில் பதிந்திருந்தது. அடியில் தண்ணீர் ஓடும் துளைகளின் தடம்கூடத் தெரிந்தது.

"மூணு வாரத்துக்கு முன்னாடி இந்தத் தண்டுல செம்புக் கம்பி சுத்தி, ஈய முத்திரை வச்சேன். தெஸ்பினா சாட்சி. முத்திரையில என் நம்பர் இருக்கும், ஆயிரத்து நூத்து நாப்பத்தேழு. எங்க அது?"

ஓரியன் முகத்தில் ஒரு கணம் ஒன்றுமே இல்லை. பிறகு அந்தப் பழைய புன்னகை வந்து உட்கார்ந்தது.

"உலோகம் எல்லாம் பூமியில இருந்து வந்ததுதானே நண்பரே. தவத்தோட சூட்டுல அது பூமியிலேயே கரைஞ்சிருக்கும்."

முன்வரிசையில் நாலைந்து தலைகள் ஆடின! ஆமாம், இருக்கும் இருக்கும் என்று ஆடின. பாஸ்கோவுக்கு அந்தத் தலைகள்மீது கோபம் வரவில்லை. ஒரு மாதத்துக்கு முன்பு அவர் தலையும் அங்கேதான் இருந்திருக்கும், எல்லோரையும்விட வேகமாக ஆடியிருக்கும்.

"முப்பத்தொரு வருஷத்துல கடையில எத்தனையோ கரைஞ்சு பாத்திருக்கேன். வெண்ணெய் கரைஞ்சிருக்கு, கணக்கு கரைஞ்சிருக்கு. ஈயம் கரைஞ்சு பாத்ததில்ல. எல்லாரும் எந்திரிங்க. பின்பக்கம் போவோம்."

கூடத்தின் பின்னால்தான் ஓரியனின் மௌன அறை. அறைக்குப் பக்கத்தில் பச்சை மூடி போட்ட இரண்டு சக்கரக் குப்பைத் தொட்டிகள். தோட்டக் கழிவுக்கென்று நகரசபை கொடுத்தவை, பதினைந்து நாளைக்கு ஒருமுறை லாரி வந்து எடுத்துப்போகும். லாரி வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. புதுச் செடி வந்து சேர்கிறவரை பழையதை வைத்திருந்து, வந்ததும் தூக்கி எறிவது ஓரியனின் வழக்கம். அதனால் இந்த விழாவுக்கான செடிகள் அத்தனையும் உள்ளேதான் இருந்தன. பாஸ்கோ தொட்டியைத் தரையில் சாய்த்தார்.

வாடிய செடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து விழுந்தன. தெஸ்பினா குனிந்து தன் ரப்பர் செடியை உருவி உயர்த்திக் காட்டினார். அடித்தண்டில் கம்பி, கம்பியில் ஈயம். கென் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்: "ஆயிரத்து நூத்து நாப்பத்தேழு."

பிறகு எட்னாவின் குரல் கேட்டது.

"இது என் கொடி!"

குப்பைக்கு நடுவே முழங்காலிட்டு இழுத்தெடுத்தார். இலையெல்லாம் கெட்டியாக, பச்சையாக இருந்தது. பயணமும் போகவில்லை, நன்றியும் சொல்லவில்லை. கடையில் அந்த ரகம் கிடைக்காததால் தூக்கி எறியப்பட்டிருந்தது, அவ்வளவுதான். எட்னா கையிலிருந்த கூழாங்கல்லை ஓரியன் நின்ற திசையில் வீசினார். ஓரியன் அங்கே இல்லை. தெருவில் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள், மகான் காலில் ஆட்டுத்தோல் பூட்ஸ் மாட்டியிருந்தாராம்.

ஆளாளுக்குத் தன் செடியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பாஸ்கோவும் தேடினார். அவருடையது ஜூன் மாதமே லாரியில் ஏறி, அரைபட்டு, ஏதோ ஒரு பூங்காவில் உரமாகியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு தொட்டியையும் அடிவரை கிளறினார். கையெல்லாம் சேறு. தெஸ்பினா பக்கத்தில் வந்து நின்றார்.

"போதும்யா. விடு."

"முதல்ல தண்ணி ஊத்திக் கொன்னேன். அப்புறம் காசு குடுத்துக் குப்பையில போடச் சொன்னேன். அதுக்கும் மேல நின்னு கையும் தட்டினேன்" என்றார் பாஸ்கோ. சிரிக்கத்தான் பார்த்தார். வரவில்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் குப்பைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார். யாரும் அதைப் பார்க்காததுபோல இருந்தார்கள், அந்த மட்டுக்கும் நல்ல மனிதர்கள்தான்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, மறுபடியும் மேடையேறினார்.

"நுகர்வோர் அலுவலகத்துக்குப் புகார் எழுதப்போறேன். காணிக்கை குடுத்தவங்க எல்லாம் பேர் குடுங்க. முதல் பேர் என்னோடது. அந்தச் சுவரொட்டியில இருக்கற முட்டாளோட படத்தையும் சேத்து அனுப்பறேன்."

கழுத்துத் துண்டு அம்மாள் தயங்கித் தயங்கி எழுந்தார். "எல்லாம் சரிதாங்க. ஆனா என் ரப்பர் செடி முகம் நிஜமாவே மாறியிருக்கு. என்னோடது மட்டும் உண்மையா இருக்கலாமில்ல?"

"நானும் இதே கேள்வியைத்தாம்மா என் வீட்டுல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன். கவுத்துப் பாருங்க."

"அப்ப செடியை எப்படித்தான் காப்பாத்தறது?" என்றார் கென். "அதையாவது சொல்லிட்டுப் போங்க."

"அதுல ஒரு வித்தையும் இல்ல. நேத்து நர்சரியில கேட்டேன். நம்ம செடியெல்லாம் துக்கத்துல சாகல, வாளித் தண்ணியில மூழ்கிச் செத்திருக்கு. அந்த ஆளோட புட்டித் தண்ணியில பிழைச்சுதுன்னா, அது குட்டிப் புட்டியா இருந்ததாலதான். மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பாருங்க. ஈரமா இருந்தா சும்மா இருங்க. காஞ்சிருந்தா தண்ணி விடுங்க. அவ்வளவுதான்."

கூட்டம் யோசித்தது. சில பேர் குறிப்பு எழுதிக்கொண்டார்கள். கென் கையை உயர்த்தினார்.

"எந்த விரல்?"

"என்னது?"

"இல்ல, வலது கையா இடது கையா? காலையிலயா சாயந்திரமா? நீங்க சொன்னா சரியா இருக்கும் இன்ஸ்பெக்டர்."

எழுபது பேர் பேனாவோடு அவர் வாயையே பார்த்தார்கள். தெஸ்பினா தலையில் அடித்துக்கொண்டார். பாஸ்கோ அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டார்.

"எந்த விரலா இருந்தாலும் சரி கென். ஆனா மண்ணுக்குள்ள விடறதுக்கு முன்னாடி, அதே விரலால உங்க நெத்தியில ரெண்டு தட்டு தட்டுங்க. உள்ள ஆள் இருக்கான்னு தெரிஞ்சுக்கணும்ல? மூணு மாசமா நான் தட்டவே இல்லைய்யா."